மாப்பிள்ளை மேல் வழக்கு இருந்ததா? டெக்ஸாஸ் கோர்ட்டில் கேட்கும் வழி

கேள்வி: அக்கா, என் மகளுக்கு 29 வயது. டெக்ஸாஸில் ஒரு சின்னக் கிராமப்புறக் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) டாக்டராக இருக்கும் திருச்சிப் பையனைப் பேசியிருக்கிறோம். இருவருக்கும் பிடித்துவிட்டது. இந்த நேரத்தில் தூரத்து உறவினர் ஒருவர், “அந்தப் பையன் மேல் அங்கே ஏதோ போலீஸ் கேஸ் இருந்ததாமே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து தூக்கமில்லை. அந்தக் கவுண்டியின் வழக்குகளை இணையத்தில் தேட வசதி இல்லை. பணம் கட்டினால் விவரம் தருவதாகச் சில தளங்கள் சொல்கின்றன. சிங்கப்பூரிலிருந்தே உண்மையைத் தெரிந்துகொள்ள முடியுமா?
– பெயர் வேண்டாம், உட்லண்ட்ஸ்

பதில்: முடியும், தங்கச்சி. சட்ட நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில் இருந்தபோது வெளிநாட்டுக் கோர்ட்டுகளிலிருந்து பிரதி வரவழைப்பதுதான் என் வேலை. அதனால் இதை நிதானமாகவே சொல்கிறேன். முதலில் ஒன்று: மகளுக்குத் தெரியாமல் இதைச் செய்யாதீர்கள். வாழப்போவது அவள். முடிந்தால் அந்தப் பையனிடமே அவள் நேராகக் கேட்கட்டும். “ஆமாம், இந்த வருஷம், இந்த ஊரில், இப்படி நடந்தது” என்று அவர் சொல்லிவிட்டால் உங்கள் தேடல் பாதி முடிந்த மாதிரி.

இங்கே வளர்ந்த நமக்கு அமெரிக்க முறை விசித்திரமாகத் தெரியும். சிங்கப்பூரில் இன்னொருவருடைய குற்றப் பதிவை நாம் போய்க் கேட்டு வாங்க முடியாது. காவல்துறை தரும் சான்றிதழுக்குச் சம்பந்தப்பட்டவரேதான் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே கோர்ட் ஃபைல் பொதுவாக ஊர் மக்கள் எல்லாரும் பார்க்கக்கூடியது. கோர்ட் பதிவுகளைப் பார்க்கவும் பிரதி எடுக்கவும் மக்களுக்குப் பொதுவான உரிமை உண்டு என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978இல், முன்னாள் அதிபர் நிக்சனின் ஒலிநாடா வழக்கில் ஏற்றுக்கொண்டது. அதனால் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். காரணம் சொல்லவும் தேவையில்லை.

ஆனால் அந்த ஃபைல்கள் எல்லாம் ஒரே இடத்தில் இல்லை. டெக்ஸாஸில் 254 கவுண்டிகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கோர்ட், தனிப் பதிவறை. 2020 கணக்கெடுப்பில் 64 பேர் மட்டுமே இருந்த லவிங் கவுண்டிக்கும் மென்டோன் என்ற ஊரில் சொந்தக் கோர்ட் கட்டடம் உண்டு. வழக்கு பதிவாவது சம்பவம் நடந்த கவுண்டியில்தான், ஆள் குடியிருக்கும் கவுண்டியில் அல்ல. பையன் வேலை பார்க்கும் ஊரில் ஒன்றும் கிடைக்காமல், படித்த ஊரிலோ வாரக் கடைசியில் காரோட்டிப் போன ஊரிலோ ஃபைல் இருக்கலாம். இதை மறந்துவிட்டு ஒரே கவுண்டியைக் கேட்டு நிம்மதி அடைகிறவர்கள் நிறைய.

அதே கவுண்டிக்குள்ளும் யாரைக் கேட்பது என்று ஒன்று இருக்கிறது. கோர்ட் ஃபைல்களை வைத்திருக்கும் அதிகாரியைக் கிளார்க் என்பார்கள். ஃபெலனி எனப்படும் பெரிய குற்றங்களின் ஃபைல் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் இருக்கும். அதற்குக் கீழே உள்ள மிஸ்டிமீனர் எனப்படும் சிறு குற்றங்களில் ஏ, பி வகுப்பு வழக்குகள் பொதுவாகக் கவுண்டி கிளார்க்கிடம். முதல்முறை குடித்துவிட்டு வண்டி ஓட்டியது சாதாரணமாக இந்த பி வகுப்பில்தான் வரும். வேகமாக ஓட்டியதற்கான அபராதம் போன்ற சி வகுப்புச் சமாச்சாரங்கள் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் என்ற கீழ்மட்டக் கோர்ட்டிலோ நகராட்சிக் கோர்ட்டிலோ கிடக்கும். சின்னக் கவுண்டியாக இருப்பதில் உங்களுக்கு ஒரு லாபம்: மக்கள்தொகை 8,000க்குக் குறைவான கவுண்டிகளில் டிஸ்ட்ரிக்ட், கவுண்டி இரண்டுக்கும் ஒரே கிளார்க் இருக்க டெக்ஸாஸ் அரசியல் சட்டம் இடம் தருகிறது. அப்படியானால் ஒரே கடிதம் போதும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய நகரத்தில் போன் போட்டால் ‘ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்’ என்று இயந்திரம்தான் பேசும். இந்த மாதிரி ஊர்களில் கிளார்க்கே எடுத்துப் பேசுவார். மரியாதையாகக் கேட்டால் எழுந்து போய்ப் பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பார். என் அனுபவத்தில் இவர்களைப் போல உதவுகிறவர்கள் குறைவு.

நேரம்தான் கொஞ்சம் இடைஞ்சல். டெக்ஸாஸின் பெரும்பகுதி நம்மைவிடக் கோடையில் 13 மணி நேரமும் குளிர்காலத்தில் 14 மணி நேரமும் பின்னால் இருக்கிறது. இரவு பதினொன்றரைக்கு அழைத்தால் அங்கே காலை வேலை ஓடிக்கொண்டிருக்கும். நம் சனிக்கிழமை காலை அழைத்தால் அங்கே வெள்ளி மாலை, அலுவலகம் பூட்டியிருக்கும்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்குத் தனிச் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா சண்முகம், பிள்ளை கார்த்திகேயன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பதிவேட்டில் அது சண்முகம் என்ற பெயரின் கீழே இருக்கலாம், கார்த்திகேயன் என்பதன் கீழேயும் இருக்கலாம். கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தவர்களுக்கு விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று போட்டுவிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அதுவே பெயராகிப் போலீஸ் காகிதம்வரை போய்விடும். ஆகவே பெயரை இரண்டு வரிசையிலும் எழுதுங்கள், ஆங்கில எழுத்துக்கூட்டல் எத்தனை விதமாக வரக்கூடுமோ அத்தனையும் எழுதுங்கள். பிறந்த தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். அவர்கள் மாதத்தை முன்னால் போடுகிறவர்கள். 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அவர்களுக்கு மார்ச் 4. பிறந்த தேதி இல்லாமல் பெயரை மட்டும் வைத்து வரும் எந்தத் தகவலையும் நம்பாதீர்கள். வேறொரு கார்த்திகேயனின் பாவம் இந்தப் பிள்ளை தலையில் விழ வேண்டாம்.

கடிதத்தில் எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம்வரை தேட வேண்டும் என்று சொல்லிவிட்டு, குற்றச்சாட்டுப் பத்திரம், வழக்கு நடந்த விவரத் தாள், கடைசி உத்தரவு மூன்றின் பிரதியையும் கேளுங்கள். பிரதிக்கு வழக்கமாகப் பக்கத்துக்கு ஒரு டாலர் அளவில் ஆகும். மின்னஞ்சலில் அனுப்ப முடியுமா, வெளிநாட்டு அட்டையில் பணம் கட்டலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதோடு டெக்ஸாஸ் பொதுப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் கட்டணம் கட்டி மாநிலம் முழுவதற்கும் பெயர் தேடலாம். ஆனால் கவுண்டிகள் அனுப்பிய விவரம்தான் அங்கே இருக்கும். சின்னக் கவுண்டி அனுப்பாமல் விட்டிருந்தால் அங்கேயும் காணாது. மத்திய அரசின் கோர்ட்டுகளுக்கு பேசர் என்ற தளம் இருக்கிறது. பக்கத்துக்கு 10 சென்ட், மூன்று மாதத்தில் 30 டாலருக்கு மேல் போகாவிட்டால் இலவசம். நீங்கள் சொல்வது போன்ற உள்ளூர்க் கேஸ் அதில் வராது. அப்புறம் நீங்கள் கேட்ட அந்தக் கட்டணத் தளங்கள். மொத்தமாக வாங்கிய தகவலைத்தான் அவர்கள் விற்கிறார்கள். காகிதத்தில் கிடக்கும் சின்ன ஊர்ப் பதிவு பெரும்பாலும் அவர்கள் கைக்குப் போவதில்லை. ஒரே பெயர்க்காரர்களைக் கலந்தும் விடுகிறார்கள். அந்தப் பணத்தைக் கிளார்க்குக்குக் கட்டுங்கள்.

காகிதம் வந்தால் கடைசி உத்தரவை முதலில் படியுங்கள். கைது செய்தார்கள் என்பது குற்றவாளி என்று ஆகாது. தள்ளுபடியான வழக்குகள் ஏராளம். ‘டிஃபர்ட் அட்ஜுடிகேஷன்’ என்று இருந்தால், நீதிபதி தீர்ப்பை நிறுத்திவைத்து, சொன்ன நிபந்தனைகளை நிறைவேற்றியதும் வழக்கை முடித்துவைப்பார் என்று பொருள். தண்டனை பெற்றவர் என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘பதிவு எதுவும் இல்லை’ என்று பதில் வந்தாலும் கோர்ட் உத்தரவால் அழிக்கப்பட்ட, பொதுப் பார்வையிலிருந்து மறைக்கப்பட்ட பதிவுகள் அந்தப் பதிலில் தெரியாது. சட்டமே ஒருவருக்கு மறுவாழ்வு கொடுக்க மறைத்துவைத்ததை நாம் போய்த் தோண்டுவது முறையல்ல என்பது என் கருத்து.

அவர் டாக்டர் என்பதால் டெக்ஸாஸ் மெடிக்கல் போர்டின் தளத்தையும் பாருங்கள். உரிமம் செல்லுபடியாகிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது எடுத்தார்களா என்று இலவசமாகவே தெரியும். அவரே முன்வந்தால் கைரேகை கொடுத்து எஃப்பிஐயிடம் 18 டாலருக்குத் தன் பதிவைத் தானே வாங்கிக் காட்டலாம். அவரைத் தவிர வேறு யாரும் அதைக் கேட்க முடியாது. வற்புறுத்தாதீர்கள்.

காகிதம் கிடைத்துப் புரியாவிட்டால் பெயரையும் பிறந்த தேதியையும் கறுப்பு மையால் அடித்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். வரிக்கு வரி விளக்குகிறேன். அதுவரை அந்த உறவினரிடம் எதுவும் பேச வேண்டாம்.