மாமாவின் சிற்றுண்டிச்சாலையும் தங்கச்சியின் பெயரும்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை மூன்றாம் வருடம் படிக்கிறேன். துறை மாணவர்களே நடத்தும் செய்தித்தளத்துக்கு நான்தான் ஆசிரியர். விடுதிச் சிற்றுண்டிச்சாலையில் முதல்நாள் சோற்றைச் சூடாக்கி விற்பதாக ஒரு செய்தி வெளியிட்டோம். அதன் குத்தகைக்காரர், எங்களுக்கு வீடு கட்டித் தந்த என் தாய்மாமா. அம்மா அழுததால் அன்றிரவே செய்தியை நீக்கிவிட்டேன். அதை எழுதிய முதலாம் வருட மாணவி, நாங்கள் தங்கச்சி என்று கூப்பிடும் பிள்ளை, இப்போது என்னோடு கதைப்பதில்லை; சின்னப்பிள்ளைக் கோபம், போய்விடும். குடும்பமா, தொழிலா என்று தவிக்கிறேன். ஆசிரியர் பொறுப்பை விட்டுவிடவா?
– மாணவி, களுவாஞ்சிகுடி

பதில்: குடும்பமா தொழிலா என்று கேட்டு வரும் கடிதங்கள் இந்தப் பகுதிக்குப் புதியவை அல்ல. ஆகவே அதைப் பிறகு பார்ப்போம். போகிற போக்கில் நீர் எழுதிவிட்ட ஒரு வரிதான் என்னை நிறுத்தியது. அந்தப் பிள்ளைக்கு வந்திருப்பது சின்னப்பிள்ளைக் கோபமா?

அவள் தன் பெயரைப் போட்டு எழுதினாள். காரணம் சொல்லாமல் இரவோடிரவாக நீக்கப்பட்ட செய்தியைப் பொய்ச்செய்தி என்றுதான் விடுதியில் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். நீக்கியவர் நீர், பொய்க்காரி என்ற பெயர் அவளுக்கு. பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 அன்று மட்டக்களப்பு நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதை உமக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியொரு மாவட்டத்தில், செய்திக்கு மேலே தன் பெயரைத் துணிந்து போட்டவளைச் சின்னப்பிள்ளை என்று எழுத உமக்குக் கை கூசியிருக்க வேண்டும்.

தாய்வழியில் குடி எண்ணும் இந்த மண்ணில் மாமனுக்குள்ள இடத்தை அறியாதவள் அல்ல நான். வீடு கட்டித் தந்தவரை மறக்கும் பிள்ளையை எனக்குப் பிடிக்கவும் பிடிக்காது. ஆனால் அந்த உறவைச் சொல்ல வேண்டிய நேரம் செய்தி உம்மிடம் வந்த நேரம். "குத்தகைக்காரர் என் மாமா, இதை நான் தொடமாட்டேன்" என்று சொல்லி இன்னொருவரிடம் ஒப்படைத்திருந்தால், அம்மாவின் கண்ணீருக்கு முன்னால் உமது கையில் நீக்கும் அதிகாரமே இருந்திராது. அதுபோக, மாமாவிடம் அவருடைய பக்கத்தைக் கேட்டீர்களா? கடிதத்தில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. கேட்கவில்லையென்றால் அவருக்கும் அநியாயம் செய்திருக்கிறீர்கள். நாம் விரும்பி உண்ணும் பழஞ்சோறு வேறு, முதல்நாள் சோற்றைப் புதுச்சோறு என்று விற்பது வேறு. அவர் செய்தது எது, அல்லது எதுவுமே செய்யவில்லையா என்பதை அவர் வாயாலும் கேட்டிருக்க வேண்டும்.

மாணவர் தளம்தானே, பயிற்சிதானே என்ற சமாதானமும் வேண்டாம். அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழக இதழியல் பள்ளி 1908 இல் வகுப்புகளைத் தொடங்கிய அன்றே மாணவர்கள் செய்தி சேகரிக்கும் பத்திரிகையையும் வெளியிட்டது. நகரத்து மக்கள் காசு கொடுத்து வாசிக்கும் பத்திரிகை அது. உங்கள் வாசகர்களோ அந்தச் சோற்றை உண்பவர்கள்.

முதலில் தங்கச்சியிடம் நேரில் போய், நீக்கியது யார், ஏன் என்பதைச் சொல்லும். செய்தியை உமது கையைவிட்டு உதவி ஆசிரியரிடமோ விரிவுரையாளரிடமோ கொடுத்துவிடும். அவர்கள் சரிபார்த்து, செய்தி நிற்குமானால், மாமாவின் பதிலோடும் நடந்ததைச் சொல்லும் குறிப்போடும் அது மீண்டும் வரட்டும். குத்தகை நிபந்தனைகளை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பல்கலைக்கழகத் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தையும் நீர் எழுத வேண்டாம்.

உமக்குரிய வேலை வீட்டில் இருக்கிறது. செய்தி திரும்ப வருமுன் மாமாவின் வீட்டுக்குப் போய், முகத்தைப் பார்த்து விடயத்தைச் சொல்லும், தொலைபேசியில் அல்ல. அந்த மரியாதை அவருக்கு நீர் பட்ட கடன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

இப்போதே பொறுப்பை விட்டால் அது தப்பியோடுவதாகும். இவையெல்லாம் முடிந்த பிறகு செய்திக்குழுவைக் கூட்டி, நீர் ஆசிரியராகத் தொடர்வதா என்பதை அவர்களிடமே விடும். அந்தக் கூட்டத்தில் தங்கச்சிக்கும் ஒரு வாக்கு உண்டு.