லெஸ் ராங் குழுவின் சந்திப்புகளுக்கும் முகாம்களுக்கும் போவதால் உண்மையிலேயே ஏதாவது பயன் உண்டா?

கேள்வி கேட்ட விதத்திலேயே தெரிகிறது, போவதென்று நீங்கள் பாதி முடிவு செய்துவிட்டீர்கள். வீட்டில் சொல்ல ஒரு காரணம்தான் வேண்டும். நானும் அப்படித்தான் இருந்தேன், அதனால் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. லெஸ் ராங் (LessWrong) என்பது 2009-இல் எலியேசர் யுட்கவ்ஸ்கி என்ற அமெரிக்க எழுத்தாளர் தொடங்கிய இணையதளம், அதைச் சுற்றிச் சேர்ந்தவர்கள்தான் இந்தக் குழு. நம் மூளை எங்கெல்லாம் வழுக்கி விழுகிறது, அது தெரிந்தால் கொஞ்சம் குறைவாகத் தப்பு செய்யலாமா என்பதுதான் இவர்களுடைய பேச்சு முழுக்க. நம் ஊரில் பகுத்தறிவு என்றாலே கடவுள் மறுப்புதான் நினைவுக்கு வரும். "பகுத்தறிவு முகாமுக்குப் போறேன்பா" என்று பெர்லினிலிருந்து போனில் சொன்னபோது, "அதுக்கு எதுக்குடா ஜெர்மனி? பெரியார் திடலுக்கே போயிருக்கலாமே" என்றார் அப்பா. முகாமில் கடவுளைப் பற்றி யாரும் பேசவே இல்லை என்று இன்றுவரை அவரை நம்பவைக்க முடியவில்லை.

நான் முதலில் போனது 2019-இல், பெங்களூரில். காபிக் கடையில் ஏழு பேர். அதில் இரண்டு பேர் செயற்கை நுண்ணறிவு உலகத்தை அழித்துவிடுமா என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள், மற்ற ஐந்து பேர் தலையாட்டினோம். திரும்பி வரும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை வீண் என்றுதான் தோன்றியது.

முகாம் வேறு மாதிரி. 2023-இல் அலுவலக வேலையாக ஆறு மாதம் பெர்லினில் இருந்தேன், செப்டம்பரில் முகாமுக்குப் போனேன். அங்கே வருடாவருடம் ஒரு வார இறுதியில் ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆட்கள் கூடுகிறார்கள். வான்சே ஏரிக்கரையில் ஓர் இளைஞர் விடுதி, இருநூறு பேருக்கு மேல், வெள்ளி முதல் திங்கள் வரை. நடத்துபவர்கள் தன்னார்வலர்கள். நிகழ்ச்சி நிரலும் முன்கூட்டியே கிடையாது. சுவரில் நேரமும் அறையும் போட்டுக் கட்டம் கட்டியிருப்பார்கள், எதையாவது சொல்லிக் கொடுக்க நினைப்பவர் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டால் அது வகுப்பு. ஒரு பக்கம் நிகழ்தகவுக் கணக்கு, இன்னொரு பக்கம் டாங்கோ நடனம். ஒருவர் தன் பெயர் அட்டையில் 'கிராக்கர் விதி' என்று எழுதியிருந்தார். அவரிடம் மரியாதைப் பூச்செல்லாம் இல்லாமல் நேரடியாகப் பேசலாம் என்று அர்த்தமாம். நம் வீட்டுக் கல்யாணங்களில் அத்தைமார் எல்லோரும் அட்டை இல்லாமலே அந்த விதிப்படிதான் பேசுகிறார்கள்.

முகாமில் வாங்கிய முதல் அடி இது. பத்துக் கேள்வி கொடுத்தார்கள். விடை தெரிய வேண்டாம், ஒரு கீழ் எல்லையும் மேல் எல்லையும் எழுத வேண்டும். சரியான எண் அதற்குள் இருக்கும் என்று 90 சதவீதம் நம்பிக்கை இருக்க வேண்டும். ஒழுங்காக எழுதினால் பத்தில் ஒன்பது மாட்டும். எனக்கு மாட்டியது நான்கு. அதில் ஒரு கேள்வி இந்தியக் கடற்கரையின் நீளம். பத்தாம் வகுப்பில் சமூக அறிவியலில் 98 வாங்கியவன் நான். தைரியமாக 3,500 முதல் 6,000 கிலோமீட்டர் என்று எழுதினேன். நம் பாடப்புத்தகத்தில் இருந்தது 7,516. பக்கத்தில் இருந்த போலந்துப் பெண் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. 'எனக்குத் தெரியாதே' என்று 3,000 முதல் 15,000 வரை எழுதி அந்தக் கேள்வியில் ஜெயித்துவிட்டாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது இரண்டாம் நாள் நடந்தது. அதற்கு மர்ஃபிஜிட்சு என்று ஒரு கோமாளிப் பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் திட்டம் ஒன்றை ஜோடியாக உட்கார்ந்திருப்பவரிடம் சொல்ல வேண்டும். அது தோற்றுவிட்டதாகக் கற்பனை செய்து, அந்தச் செய்தி ஆச்சரியமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆச்சரியம் இல்லையென்றால், ஏன் தோற்றது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று அர்த்தம்.

அப்போது ஊரில் எங்கள் வீட்டு வேலை நடந்துகொண்டிருந்தது. தை மாதம் பால் காய்ச்சுவதாகத் திட்டம். எனக்கு ஜோடி ஒரு செக் நாட்டுப் பள்ளி ஆசிரியர். "ஜனவரி முடிந்துவிட்டது, வீடு முடியவில்லை. ஆச்சரியமா?" என்று கேட்டார். வாயைத் திறக்கும் முன்பே சிரிப்பு வந்துவிட்டது. ஆச்சரியமா? பூச்சு வேலையே ஆரம்பிக்கவில்லையே. ஏன் என்று கேட்டார். சிமெண்ட் விலை, மழை, ஆள் கிடைக்கவில்லை என்று அடுக்கினேன். அவர் விடவில்லை. "இதெல்லாம் சரியாகிவிட்டது, அப்போதும் வீடு முடியவில்லை. இப்போது?" என்றார்.

அப்போதுதான் வெளியே வந்தது. வீட்டைக் காண்ட்ராக்ட் எடுத்திருந்தது என் அத்தையின் கணவர். தங்கை புருஷனிடம் அப்பா எப்படிக் கணக்குக் கேட்பார்? மாமா எங்கள் பணத்தை வேறு சைட்டுக்குச் சுழற்றுகிறார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம், அரைகுறை ஆங்கிலத்தில், ஒரு ஏரிக்கரையில் உட்கார்ந்து அதைச் சொன்னேன். அன்று இரவே அப்பாவுக்கு போன் செய்து, இனிமேல் வேலை முடிந்த அளவுக்குத்தான் பணம், நான் நேரடியாக அனுப்புகிறேன் என்றேன். அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. மாமா மூன்று மாதம் பேசவில்லை.

மாமாவிடம் எப்படிப் பேசுவது என்று முகாமில் யாரும் சொல்லித் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. ஆவணியில்தான் பால் காய்ச்சினோம். நான் பேசாமல் இருந்திருந்தாலும் அப்போதே முடிந்திருக்குமோ என்னவோ.

இதெல்லாம் நம் முன்னோர் சொல்லாததா என்று ஒருவர் வருவார். சொல்லியிருக்கலாம் ஐயா, எனக்கு அவர்கள் யாரும் கடற்கரைக் கணக்குக் கொடுக்கவில்லை. அடுத்தவர், இது சாமியார் மடம் மாதிரிதானே என்பார். அந்தப் பயம் நியாயம்தான். 2025 தொடக்கத்தில் அமெரிக்காவின் வெர்மான்டில் எல்லைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, இந்த வட்டாரத்தின் ஓரத்திலிருந்து முறைத்துக்கொண்டு பிரிந்த ஒரு சிறு கும்பலின் பெயர் அடிபட்டது. நான் பார்த்தவர்கள் அப்படி இல்லை, ஆனால் நான் பார்த்தது மூன்று நாள்தான். ஒரே வீட்டில் சேர்ந்து தங்கலாம், வேலையை விட்டுவிட்டு வா என்று யாராவது கூப்பிட்டால் அடுத்த ரயிலைப் பிடியுங்கள்.

எனக்கு உண்மையான நஷ்டம் அலுவலகத்தில்தான். சென்னைக்குத் திரும்பிய முதல் வாரம் மேலாளர், "எப்போ முடியும்?" என்று கேட்டார். முகாம் புத்தி, "வெள்ளிக்கிழமைக்குள் முடிய 40 சதவீத வாய்ப்பு, அடுத்த புதனுக்குள் 85" என்றேன். "உன் ஜோசியத்தைக் கேட்கலை, தேதியைக் கேட்டேன்" என்றார். பக்கத்து சீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை சார் என்று சொல்லிவிட்டு மூன்று வாரம் இழுத்தார். எனக்கு முடிந்தது செவ்வாய்க்கிழமை. அந்த வருட அப்ரைசலில் அவருக்கு 'பொறுப்புள்ளவர்', எனக்கு 'உறுதியின்மை'. சம்பள உயர்வு 4 சதவீதம். மன்னிக்கவும், நீங்கள் கேட்டது இது இல்லை.

கலிபோர்னியாவில் இந்த மாதிரிப் பயிற்சிகளையே நான்கு நாள் வகுப்பாக, சுமார் நான்காயிரம் டாலருக்கு நடத்தி வந்தார்கள். அந்தக் காசுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். பெங்களூரு மாதிரி காசில்லாத சந்திப்புக்கு இரண்டு மூன்று தடவை போங்கள், முதல் தடவை கட்டாயம் சலிக்கும். முகாமுக்குப் போவதாக இருந்தால், வெளியே சொல்லக் கூச்சப்படும் ஒரு திட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

மாமா இப்போது பேசுகிறார். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் மட்டும் இன்னும் பூசாமல் கிடக்கிறது. அதற்குப் பணம் முன்பே கொடுத்துவிட்டதாக அப்பா போன வாரம்தான் சொன்னார்.