காக்காவும் தாத்தாவும் ஒன்றாகக் கேட்கும் வயது

கேள்வி: என் மகனுக்கு 22 மாதம் ஆகிறது. அவன் பேசும் சொற்களைப் பிறந்தநாள் முதல் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். இதுவரை 24 சொற்கள்தான் சேர்ந்திருக்கின்றன. காக்காவையும் ‘தாத்தா’ என்கிறான், தாத்தாவையும் ‘தாத்தா’ என்கிறான். அவனுடைய அக்கா இதே வயதில் இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசினாள். வீட்டில் இரண்டு மொழிகள் புழங்குவதால்தான் தாமதம் என்றும், ஆண் குழந்தை மெதுவாகத்தான் பேசுவான் என்றும் சொல்கிறார்கள். காத்திருக்கலாமா?

பதில்: நோட்டை மூட வேண்டாம், ஆனால் மறுபடியும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான பெற்றோர் தெளிவாக உச்சரித்த சொற்களை மட்டுமே எழுதுகிறார்கள். நாயைக் கண்டால் எப்போதும் ‘பவ்’ என்றும், தண்ணீர் வேண்டும்போது எப்போதும் ‘ன்னி’ என்றும் சொன்னால் அவையும் சொற்களே, ஏனெனில் ஒரே ஒலியை ஒரே பொருளுக்குத் தானாகவே பயன்படுத்துகிறான். இரண்டு மொழிகளிலும் உள்ளவற்றைச் சேர்த்தே கணக்கிட வேண்டும். இரண்டு மொழி கேட்டு வளர்வது பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை. ஒரு மொழியை நிறுத்தினால் அந்த மொழியில் அவனோடு இயல்பாகப் பேசுகிறவரின் பேச்சுத்தான் குறையும்.

இனி காக்காவுக்கு வருவோம். ‘க’ என்ற ஒலி நாவின் பின்பகுதி மேலண்ணத்தைத் தொடுவதால் பிறக்கிறது. ‘த’ நாவின் நுனியில் பிறக்கிறது. பின்னால் பிறக்க வேண்டிய ஒலியை முன்னால் இழுத்துச் சொல்வது இந்த வயதில் மிகச் சாதாரணம். அவன் காதும் குழம்புகிறதா என்று அறிய எளிய வழி உண்டு: காக்கா படத்தையும் தாத்தா படத்தையும் முன்னால் வைத்து, விரலோ பார்வையோ காட்டிக்கொடுக்காமல், “காக்கா எங்கே?” என்று கேளுங்கள். பல முறை கேட்டும் சரியாகக் காட்டினால், வேறுபாடு அவனுக்குத் தெரிகிறது, நாக்குத்தான் பின்தங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். குழந்தை மொழி ஆய்வாளர்களான ஜீன் பெர்கோவும் ரோஜர் பிரௌனும் 1960-இல் எழுதியதில் வரும் ஒரு குழந்தை, தன் பொம்மை மீனை ஆங்கிலத்தில் ‘ஃபிஷ்’ என்பதற்குப் பதில் ‘ஃபிஸ்’ என்றே அழைத்தது; பெரியவர் அதே ‘ஃபிஸ்’ஸைத் திருப்பிச் சொன்னபோது மட்டும் அதை ஏற்க மறுத்தது. தன் வாயில் வருவதையும் பிறர் வாயில் வருவதையும் குழந்தை ஒரே தராசில் நிறுப்பதில்லை.

ஆகவே “தாத்தா இல்லை, காக்கா சொல்லு” என்று திருத்த வேண்டாம். “ஆமாம், காக்கா! காக்கா பறந்து போச்சு” என்று அவன் தொடங்கியதைச் சரியான ஒலியோடு நீட்டிச் சொல்லிவிட்டு, ஐந்து விநாடி வாய் மூடிக் காத்திருங்கள். இந்தக் காத்திருப்பு எளிதல்ல, “இது என்ன? அது என்ன?” என்று கேட்டே அவன் பேச வேண்டிய முறையையும் நாமே எடுத்துக்கொள்கிறோம். திரையால் செய்ய முடியாததும் இந்தக் காத்திருப்புத்தான். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டு வயதில் நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்தது.

சராசரியில் ஆண் குழந்தைகள் சற்றுப் பின்னால் பேசுவது உண்மைதான். அது வெறும் சராசரி. உங்கள் மகனைப் பற்றி அது எதையும் சொல்லாது. அக்காவோடு ஒப்பிடுவதும் அப்படியே. நான் பார்ப்பது வேறு: சைகையில்லாமல் சொன்ன எளிய கட்டளை அவனுக்குப் புரிகிறதா? தனக்கு வியப்பானதை உங்களுக்கும் காட்டுவதற்காக விரல் நீட்டுகிறானா? மாதாமாதம் புதுச் சொற்கள் சேர்கின்றனவா? இவை இருந்தால் 24 மாதம் வரை வீட்டு முயற்சியைத் தொடரலாம். அதற்குள் ஏறத்தாழ 50 சொற்களும், ‘அம்மா வா’, ‘பந்து போச்சு’ போன்று அவனே சேர்த்த இரட்டைச் சொற்களும் வரும் என்று எதிர்பார்க்கிறோம். ஒரே மூச்சில் மனப்பாடமாக வரும் ‘இங்கே வா’ அதில் சேராது.

செவித்திறன் பரிசோதனையை மட்டும் 24 மாதம் வரை தள்ளிப்போட வேண்டாம். பிறந்தவுடன் செய்த பரிசோதனையில் தேறியிருந்தாலும், பிறகு சளியால் நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால் கேட்கும் திறன் ஒரு வாரம் குறைந்தும் மறுவாரம் கூடியும் இருக்கலாம். கதவு அடித்தால் திரும்புகிறான் என்பது போதாது. உரத்த ஒலி கேட்கும் காதுக்கும் மெல்லிய மெய்யொலிகள் தப்பிவிடலாம். ஏற்கெனவே பேசிய சொற்களை இழந்தாலோ, பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாவிட்டாலோ, எதையும் விரல் நீட்டிக் காட்டாவிட்டாலோ உடனே குழந்தை மருத்துவரையும் பேச்சுப் பயிற்சியாளரையும் பாருங்கள்.

போகும்போது நோட்டை எடுத்துச் செல்லுங்கள். அதுவரை ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அதை எந்த நேரத்தில், யாரிடம், எதற்காகச் சொன்னான் என்று எழுதி வையுங்கள். அவன் விளையாடும்போது எடுத்த இரண்டு நிமிட வீடியோவும் உடனிருந்தால், புதிய இடத்தில் அவன் வாயே திறக்காவிட்டாலும் பயிற்சியாளருக்குத் தேவையானது கிடைத்துவிடும்.