பிரிந்த பிறகு வந்த 5,840 பவுண்ட் கடிதம்: முழுவதையும் நானா கட்ட வேண்டும்?

கேள்வி: அண்ணா, நான் லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறேன். வயது 36, இரண்டு பிள்ளைகள், பராமரிப்பு இல்லம் ஒன்றில் பகுதிநேர வேலை. கணவருக்கு வயது 40, கடந்த வருடம் முழுக்க வேலை இல்லை. இருவர் பெயரிலும் சேர்த்துத்தான் யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகை) வந்தது. 2025 ஆகஸ்ட் 9 பெரிய சண்டை, அவர் நண்பரின் அறைக்குப் போனார், பத்து நாளில் திரும்பி வந்தார். செப்டெம்பர் 14 ஒரேயடியாகப் போய்விட்டார். அக்டோபரில் வேர்க் கோச்சிடம் (உதவித்தொகை அலுவலகத்தில் என்னைக் கவனிக்கும் அலுவலர்) போனில் சொன்னேன், ஆனால் ஜர்னலில் (அவர்களுக்குச் செய்தி எழுதும் இணையப் பக்கம்) எழுதியது நவம்பர் 20 அன்றுதான். பிரிந்த திகதி என்று ஆகஸ்ட் 9 போட்டேன். இப்போது நாலு மாதக் காசு முழுவதும், 5,840 பவுண்ட், கூடுதலாகத் தந்துவிட்டோம், திருப்பித் தாருங்கள் என்று கடிதம் வந்திருக்கிறது. கூட்டுக் கணக்குக்கு வந்த காசில் பெரும்பகுதியை எடுத்தது அவர். மாமா கடன் தருகிறேன் என்கிறார், கட்டாவிட்டால் கேஸ் போடுவார்களாம். கட்டிவிடவா?

பதில்: வேண்டாம் தங்கச்சி, இப்போதைக்கு ஒரு பவுண்டும் கட்டாதீர்கள், மாமாவிடம் கடனும் வாங்காதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்தத் தொகை மிகப் பெரிய பிழை. கட்டிய பிறகு பிழை என்று சொல்லித் திரும்ப வாங்குவது, கட்டும் முன் கேள்வி கேட்பதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

முதலில் திகதியைப் பார்ப்போம், ஏனென்றால் காசு முழுக்க அங்கேதான் தொங்குகிறது. யூனிவர்சல் கிரெடிட்டில் நிலைமை மாறினால், மாறிய நாளிலிருந்து இல்லை, அந்த நாள் விழுகிற கணக்கு மாதத்தின் முதல் நாளிலிருந்தே மாறியதாக எடுப்பார்கள். கடிதத்தில் உள்ள மாதங்களைப் பார்த்தால் உங்கள் கணக்கு மாதம் 12ஆம் திகதி தொடங்கி அடுத்த 11ஆம் திகதி முடிகிறது. ஆகஸ்ட் 9 என்று போட்டதால் அது ஜூலை 12இலிருந்தே பிரிந்ததாக ஆகிவிட்டது, நவம்பர் 11 வரை நாலு மாதம். ஆனால் சண்டை போட்டுக்கொண்டு பத்து நாள் நண்பரின் அறையில் படுத்துவிட்டுத் திரும்பி வந்து, அதற்குப் பிறகும் ஒரே அடுப்பு, ஒரே செலவு என்று குடும்பமாகத்தான் இருந்தீர்கள் என்றால், பிரிந்த நாள் செப்டெம்பர் 14. அது செப்டெம்பர் 12இல் தொடங்கும் மாதத்தில் விழுகிறது. அதாவது நாலு மாதம் இரண்டு மாதமாகிறது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், திகதியை வசதிக்காக மாற்றச் சொல்லவில்லை. உண்மையில் ஆகஸ்டிலேயே எல்லாம் முடிந்து, போக இடமில்லாமல்தான் அவர் ஹாலில் படுத்திருந்தார் என்றால் ஆகஸ்ட் திகதிதான் சரி, ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டே பிரிந்திருக்க முடியும் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. எங்கள் ஆட்களிடம் இது நிறைய நடக்கிறது: ஊரில் அம்மாவுக்குத் தெரியக் கூடாது, கோயில் திருவிழாவுக்கு இருவரும் சேர்ந்து போக வேண்டும், வாடகை வேறு கொள்ளை விலை. எது நடந்ததோ அதை எழுதுங்கள். அவர் புது முகவரியில் வாடகை கட்டத் தொடங்கிய நாள், வங்கியில் முகவரி மாற்றிய நாள், பிள்ளைகளின் பள்ளிக்கு நீங்கள் சொன்ன நாள் எல்லாம் சான்றுதான்.

அடுத்தது, இதுதான் பெரிய விஷயம். கூட்டாக வந்த காசு முழுவதையும் கூடுதல் என்கிறார்கள். அந்த மாதங்களில் தனித் தாயாக உங்களுக்கு ஒன்றுமே கிடைத்திருக்காதா என்ன? 2025-26இல் 25 வயதுக்கு மேற்பட்ட ஜோடிக்கு அடிப்படைத் தொகை மாதம் 628.10 பவுண்ட், தனி ஆளுக்கு 400.14. பிள்ளைகளுக்கான தொகை மாறவில்லை, வாடகை மாறவில்லை, சம்பளம் உங்களுடையது மட்டும்தான், அதுவும் மாறவில்லை. அப்படியானால் உண்மையான வித்தியாசம் மாதம் 227.96 பவுண்ட். இரண்டு மாதத்துக்கு 455.92. அவர்கள் கேட்பது 5,840!

தனி ஆளாக உங்களுக்கு இருந்த உரிமையைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் கேட்க விதிகளில் இடம் உண்டு. அவர்களாகச் செய்வார்கள் என்று காத்திருக்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். கணக்கை மாதம் மாதமாகப் பிரித்துத் தரும்படியும் கேளுங்கள். ஒரே ஒரு மொத்தத் தொகையைப் போட்டு அனுப்பும் கடிதத்தை வைத்து யாரும் எதையும் சரிபார்க்க முடியாது.

அப்புறம் கணவர் எடுத்த காசு. யார் கார்டு போட்டு எடுத்தார் என்பதை உதவித்தொகை அலுவலகம் பார்ப்பதில்லை. கூட்டாக வந்த காசுக்கு இருவருமே பொறுப்பு என்பதுதான் சட்டம், பிரிந்துவிட்டால் நடைமுறையில் கடனைப் பாதிப் பாதியாகப் பிரித்து ஆளுக்கொரு கணக்கில் போடுவார்கள். 455.92 என்று முடிவானால் உங்கள் பங்கு 227.96. அவருடைய பாதியை அவரிடம் வாங்குவது அவர்கள் வேலை. அவருக்கு வேலை கிடைத்தால் நீதிமன்றம் போகாமலே முதலாளி மூலம் சம்பளத்தில் பிடிக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. ‘நீ கட்டு, நான் பிறகு தருகிறேன்’ என்று போனில் சொன்னால் தலையாட்டாதீர்கள். கூட்டுக் கணக்கு இன்னும் திறந்திருந்தால் உங்கள் சம்பளத்தை இன்றைக்கே உங்கள் தனிக் கணக்குக்கு மாற்றுங்கள், வங்கியிடம் சொல்லி ஓவர்டிராஃப்டையும் (இருப்பை மீறி எடுக்கும் வசதி) நிறுத்துங்கள்.

வேர்க் கோச்சிடம் அக்டோபரிலேயே சொன்னேன் என்கிறீர்கள். நல்லது, ஆனால் அதனால் கடன் இல்லாமல் போகாது. பழைய உதவித்தொகைகளில் அலுவலகத்தின் பிழையால் கூடக் கொடுத்த காசைப் பெரும்பாலும் திரும்பக் கேட்க முடியாது. யூனிவர்சல் கிரெடிட்டில் பிழை யாருடையதாக இருந்தாலும் கேட்கலாம் என்று சட்டத்தை எழுதிவிட்டார்கள், எனக்கு இது கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை. இருந்தாலும் அந்த போன் அழைப்பு இரண்டு இடத்தில் உதவும். கவனக்குறைவாகச் சொல்லாமல் விட்டதற்கு 50 பவுண்ட் தண்டம் போடப் பார்த்தால் அதை மறுக்கலாம், கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கும்போதும் சொல்லலாம். போனில் அழைப்புப் பட்டியலைத் தேடி நாளையும் நேரத்தையும் படம் பிடித்து வையுங்கள்.

கேஸ் என்ற பயத்தை விடுங்கள். பிந்திச் சொல்வது வேறு, ஏமாற்றுவது வேறு. நீங்களே ஜர்னலில் எழுதிச் சொன்னவர்.

செய்ய வேண்டியது: கடிதத்தின் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் ஜர்னலில் ‘மேண்டேட்டரி ரீகன்சிடரேஷன்’, அதாவது கட்டாய மறுபரிசீலனை வேண்டும் என்று அந்தப் பெயரையே போட்டு எழுதுங்கள். திகதி செப்டெம்பர் 14, ஏன் என்றால் இது, தனி ஆளாக எனக்குரியதைக் கழியுங்கள், கணக்கைப் பிரித்துக் காட்டுங்கள், இவ்வளவு போதும். மாமியாரின் கதை வேண்டாம். ஒரு மாதம் தாண்டிவிட்டாலும் நல்ல காரணம் இருந்தால் 13 மாதம் வரை கேட்கலாம். பதில் சாதகமாக வராவிட்டால் அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. ஆங்கிலத்தில் கதைக்கத் தயக்கமாக இருந்தால் போன் எடுத்தவுடனே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், பிள்ளையை உட்கார வைத்துக் கதைக்க விடாதீர்கள். சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பில் கடிதம் எழுதவும் உதவுவார்கள்.

மறுபரிசீலனை கேட்டதால் மட்டும், கடனுக்காக உங்கள் உதவித்தொகையில் மாதாமாதம் பிடிக்கும் கழிவு நின்றுவிடும் என்று நம்பியிருக்க வேண்டாம், முடிவு வரும் வரை நிறுத்தி வையுங்கள் என்று கடன் பிரிவிடம் தனியாகக் கேளுங்கள். அப்படியும் பிடித்தால், 2025 ஏப்ரல் இறுதியிலிருந்து பொதுவான உச்சவரம்பு அடிப்படைத் தொகையில் 15 வீதம், முன்பு 25. உங்களுக்கு அது மாதம் 60 பவுண்ட் சொச்சம். 5,840இன் பாதி 2,920 என்றால் நாலு வருடத்துக்கு மேல் இழுக்கும், 227.96 என்றால் நாலு மாதத்தில் முடிந்துவிடும். 60 பவுண்டும் தாங்காது என்றால் வரவு செலவை எழுதிக் காட்டிக் குறைக்கச் சொல்லலாம்.

இதற்கிடையில் வீட்டில் பெரியவர் நீங்கள் ஒருவர்தான் என்று கவுன்சிலுக்குச் சொல்லிவிட்டீர்களா? கவுன்சில் வரியில் 25 வீதம் குறையும், செப்டெம்பர் 14இலிருந்தே கேளுங்கள். பிள்ளைகளுக்கு அவர் பராமரிப்புக் காசு தந்தால் அதையும் தயங்காமல் வாங்குங்கள், யூனிவர்சல் கிரெடிட்டில் அதை வருமானமாகக் கணக்கெடுப்பதில்லை.