மதுரையா, கொச்சியா: தங்கையின் செவிலியர் வேலை

செவிலியரான தங்கைக்கு மதுரைத் தனியார் மருத்துவமனையில் மாதச் சம்பளம் 12,000 ரூபாய், கொச்சியில் 22,000 ரூபாய், எங்கே அனுப்பலாம் என்கிறீர்கள். கொச்சிக்கே அனுப்புங்கள் சகோ. கேரள அரசு 2018-இல் தனியார் மருத்துவமனைச் செவிலியர்களுக்கு 20,000 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தை அறிவித்தது. அது சும்மா வரவில்லை, செவிலியர்கள் சங்கமாகப் போராடி வாங்கியது. நம் ஊரில் அந்த வலு இன்னும் இல்லை, அதுதான் என் ஆதங்கம்.

தமிழக அரசு மருத்துவமனை வேலைக்கான எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வையும் விடாமல் எழுதட்டும். ஆனால் உடனே நிரந்தரப் பணி கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். 2015-இல் அந்தத் தேர்வு வழியாக மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தவர்களில் பலர் நிரந்தரத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள்.

கொச்சியில் வேலை பார்க்க, கேரள செவிலியர் கவுன்சில் பதிவுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். எங்கே சேர்ந்தாலும் அசல் சான்றிதழ்களை மட்டும் நிர்வாகத்திடம் ஒப்படைக்கவே கூடாது, நகல் போதும்.