ஐ.நா.வுக்கு ஓவியம் கொடுக்க எதற்குப் பதிவுக் கட்டணம்?

கேள்வி: துணி, மணல், துருப்பிடித்த தகரம், பழைய செய்தித்தாள் எல்லாம் சேர்த்து ஆறடி அகலத்தில் ஓர் அரூபப் படைப்பு செய்திருக்கிறேன். நியூயார்க்கில் உள்ள ஐ.நா. தலைமையகத்துக்கு அதை அன்பளிப்பாகத் தர ஆசை. பதிவுக் கட்டணம் கட்டினால் ஐ.நா. சின்னம் போட்ட சான்றிதழோடு முடித்துத் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அன்பளிப்பை ஏற்பதற்குப் பதிவுக் கட்டணம் என்று ஒன்று அங்கே இல்லை. அந்தச் சின்னத்தை இஷ்டத்துக்கு அச்சடிக்கவும் முடியாது. பொதுச்செயலாளரின் அனுமதி வேண்டும் என்று 1946-லேயே பொதுச்சபை தீர்மானம் போட்டுவிட்டது. இப்படிப்பட்ட முகவர்கள் எங்காவது ஒரு வாடகை அரங்கில் படத்தை மாட்டி, போட்டோ எடுத்து, ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். உங்கள் படைப்பு எந்தக் கிடங்கில் கிடக்கிறது என்று அப்புறம் கேட்டால் போனை எடுக்க மாட்டார்கள்.

அங்கே கலைப் படைப்புகளைப் பொதுவாக உறுப்பு நாடுகளின் அரசுகள்தான் கொடுக்கின்றன. ஆகவே உங்கள் நாட்டு வெளியுறவு அமைச்சகத்துக்கு எழுத வேண்டும். பதில் வருமா? பெரும்பாலும் வராது. வந்தாலும் 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்ற ஒற்றை வரிதான். ஆனாலும் வழி அதுதான்.

"புகழ்பெற்ற ஓவியர் மார்க் ஷகால் தாமே நேரடியாகக் கொடுக்கவில்லையா?" என்று கேட்பீர்கள். கொடுத்தார். 1961-இல் விமான விபத்தில் இறந்த பொதுச்செயலாளர் டாக் ஹமாஷெல்ட், அவருடன் இறந்த 15 பேர் ஆகியோரின் நினைவாக 1964-இல் வைக்கப்பட்ட வண்ணக் கண்ணாடிச் சாளரம் அது. ஆனால் அதை ஷகாலும் ஐ.நா. ஊழியர்களும் சேர்ந்து அளித்தார்கள். இறந்தவர் அவர்களுடைய தலைவர், நினைவுச் சின்னம் வேண்டும் என்று நினைத்தவர்களும் அவர்களே. வெளியிலிருந்து ஒருவர் வந்து கதவைத் தட்டிய கதை இல்லை. போதாததற்கு அவர் ஷகால் வேறு! முகவர்கள் இந்த உதாரணத்தைத்தான் முதலில் எடுத்து வீசுவார்கள், மயங்காதீர்கள்.

உங்கள் படைப்பிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. செய்தித்தாள் அமிலத்தால் பழுத்து நொறுங்கும், தகரத்தின் துரு துணியில் இறங்கும், மணல் உதிரும். பராமரிக்கச் செலவு வைக்கும் பொருளை எந்த நிறுவனமும் தயங்கித்தான் வாங்கும். என்னென்ன பொருள், எந்தப் பசை, எந்த வார்னிஷ் என்று எழுதி, படங்களோடு இணைத்து அனுப்புங்கள். படைப்பை அனுப்ப வேண்டாம். பிறகு அனுப்ப நேர்ந்தால், மரப்பெட்டியில் வெப்பச் சிகிச்சை முத்திரை (பூச்சிகள் சாகும்படி மரத்தைச் சூடாக்கியதற்கான அடையாளம்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சுங்கத்திலேயே நின்றுவிடும்.

முகவர் மறுபடி வந்தால், ஐ.நா.வின் ஏற்புக் கடிதத்தை உங்கள் நாட்டின் நிரந்தரத் தூதுக்குழு (ஐ.நா.வில் இருக்கும் உங்கள் அரசின் அலுவலகம்) வழியாக வாங்கித் தரச் சொல்லுங்கள். பணத்தைப் பற்றி அதற்கு அப்புறம் பேசலாம்.