ஓர் எழுத்துக்குள் ஒரு குன்று

கேள்வி: அமெரிக்காவின் 'கேபிடல் கட்டடம்' என்று செய்திகளில் படிக்கிறோம். தலைநகருக்கும் ஆங்கிலத்தில் கேபிடல்தான். இரண்டும் ஒரே சொல்லா?
- வாசகர், தேனி

பதில்: இல்லை. தலைநகரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் கடைசி உயிரெழுத்து 'ஏ' (a). கட்டடத்துக்கு 'ஓ' (o). காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். தமிழில் எழுதினால் கண்ணுக்கும் வேறுபாடு தெரியாமல் போகிறது. 2021 ஜனவரி 6, நம் கணக்கில் நள்ளிரவு தாண்டிய நேரம். செய்தி மேசையில் எனக்கு வந்த மொழிபெயர்ப்பில் 'தலைநகருக்குள் கும்பல் புகுந்தது' என்றிருந்தது. 'தலைநகர்' என்பதை அடித்துவிட்டு 'நாடாளுமன்றக் கட்டடம்' என்று சிவப்பு மையில் எழுதினேன். பக்கம் அச்சுக்குப் போக இருபது நிமிடமே இருந்தது.

அந்த 'ஓ'வுக்குள் இருப்பது ரோம் நகரின் ஒரு குன்று. பெயர் காபிடோலியம். அதன்மேல் ஜூபிடருக்குக் கோயில் எழுப்ப அஸ்திவாரம் தோண்டியபோது, முகம் சிதையாத ஒரு மனிதத் தலை கிடைத்ததாம். 'இந்த இடம் உலகுக்கே தலையாகும்' என்று குறி சொன்னார்களாம். லத்தீனில் 'காபுட்' என்றால் தலை. அதிலிருந்தே குன்றின் பெயர் வந்தது என்று ரோமானியர்களே நம்பினார்கள். தலைநகரைக் குறிக்கும் சொல்லும் அதே 'காபுட்'டிலிருந்து வந்ததுதான். நம் 'தலைநகர்' என்ற சொல்லிலும் தலை இருக்கிறதே! இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: அதே குன்றில் ஜூனோ மொனேட்டா என்ற தேவிக்கும் கோயில் இருந்தது. நாணயம் அடித்த இடம் அதையொட்டியே இருந்ததால், 'மொனேட்டா'தான் ஆங்கிலத்தில் பணத்தைக் குறிக்கும் 'மணி' என்றாயிற்று.

கோயில் குன்றின் பெயர் சட்டமன்றத்துக்கு வந்தது அமெரிக்காவில். 1699இல் வர்ஜீனியா குடியேற்றத்தின் சட்டமன்றம், வில்லியம்ஸ்பர்க்கில் தனக்குக் கட்டவிருந்த கட்டடத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டியது. பல ஆண்டுகள் கழித்து அங்கே உறுப்பினராக அமர்ந்தவர், பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெபர்சன். பின்னர் வாஷிங்டன் நகரத் திட்டத்தில் 'காங்கிரஸ் இல்லம்' என்றிருந்ததை மாற்றி, இந்தப் பெயரையே வைக்கச் செய்தவரும் அவர்தான். 1793இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இன்று பல மாநிலங்களின் சட்டமன்றக் கட்டடங்களுக்கும் அதே பெயர்தான். மாசசூசெட்ஸ் போன்ற சில மாநிலங்களில் கேட்டுப் பாருங்கள், 'ஸ்டேட் ஹவுஸ்' என்பார்கள்.

நம் நாட்டிலும் இந்த 'ஓ' இருக்கிறது. சண்டிகரில் லெ கார்பூசியே வடிவமைத்த, சட்டப்பேரவையும் தலைமைச் செயலகமும் உயர் நீதிமன்றமும் அமைந்த வளாகத்தின் பெயரிலும் அதே எழுத்துதான். அதைத் 'தலைநகர் வளாகம்' என்று எழுதிவிடாதீர்கள்.